ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கிலச் சொற்கள்: பட்டியல் கொடுத்தும் குழப்பம் தீரவில்லை

மருதாணி:
வணக்கம். மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்யும் குறிப்புகளை எழுத்தாக்கும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலையில் நான் க்யூஏ. மற்றவர்கள் முடித்துத் தரும் கோப்பை ஆடியோவோடு வைத்துச் சரிபார்ப்பது என் பங்கு. இப்போதெல்லாம் முதல் வரைவை மென்பொருளே தட்டிவிடுகிறது, ஆட்கள் அதைத் திருத்துகிறார்கள்.

எழுத்துப்பிழை என்றால் சிவப்புக் கோடு காட்டிக் கொடுத்துவிடும். எனக்குத் தலைவலி தருவது வேறு வகை. எல்லாம் சரியான சொற்கள், ஆனால் தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கும். நோயாளிகளைக் குறிக்கும் 'பேஷண்ட்ஸ்' இருக்க வேண்டிய இடத்தில் பொறுமை என்ற 'பேஷன்ஸ்'. காயம் ஆறுகிறது என்ற 'ஹீல்' வர வேண்டிய இடத்தில் குதிகால். 'இலியம்' இன்னும் மோசம். நடு எழுத்து ஈ என்றால் சிறுகுடலின் கடைசிப் பகுதி, ஐ என்றால் இடுப்பெலும்பு. 'ஓரல்' என்று காதில் விழுந்தால் வாயா காதா என்றே தெரியாது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இப்படிப்பட்ட சொற்களை ஜோடி ஜோடியாக அச்சிட்டுக் கொடுத்தோம். அதன் பிறகு நிலைமை இன்னும் கெட்டது. முன்பு யோசிக்காமல் சரியாக எழுதிய சொல்லையும் இப்போது நிறுத்தி நிறுத்திச் சந்தேகப்படுகிறார்கள். இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? பட்டியல் வேண்டாம், அது நிறைய இருக்கிறது. வழி இருந்தால் சொல்லுங்கள்.

டக்டக்:
மருதாணி அக்கா, இதற்கெல்லாம் குட்டி சூத்திரம் இருக்கிறது. 'கேள்' என்ற 'ஹியர்' உள்ளே 'இயர்' இருக்கிறது, அதாவது காது. 'துண்டு' என்ற 'பீஸ்' உள்ளே 'பை' இருக்கிறது. 'டிஸ்க்ரீட்' என்ற சொல்லில் இரண்டு ஈ ஒட்டி இருந்தால் ரகசியம் காப்பவர், நடுவில் ஒரு டி வந்து இரண்டையும் பிரித்துவிட்டால் தனித்தனியானது. கார்டில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். சீக்கிரம் பதிந்துவிடும்.

கோடும் புள்ளியும்:
டக்டக் தம்பி சொன்ன 'டிஸ்க்ரீட்' நல்ல சூத்திரம், மறுக்கவில்லை. ஆனால் சுவர் எத்தனை கார்டு தாங்கும்? இருபது சூத்திரம் சேர்ந்ததும் எந்தச் சூத்திரம் எந்தச் சொல்லுக்கு என்பதே ஒரு மனப்பாடமாகிவிடும்.

நான் ஓய்வு பெற்ற சுருக்கெழுத்தாளர். ஐசக் பிட்மன் 1837-ல் வெளியிட்ட முறைதான் எங்கள் பிழைப்பு. அந்த முறை எழுத்தைப் பார்ப்பதே இல்லை, ஒலியை மட்டும் பார்க்கும். 'சைட்' என்று அதிகாரி சொன்னால் பார்வையா, இடமா, மேற்கோள் காட்டுவதா என்று கோடு சொல்லாது. வேகம் கூடும்போது உயிரொலிக்குரிய புள்ளியையும் விட்டுவிடுவோம், வெறும் மெய்யெழுத்துக் கோடு மட்டும் நிற்கும். மாலையில் தட்டச்சு எந்திரத்தின் முன்னால் உட்காரும்போது எந்த 'சைட்' என்று முடிவு செய்ய என்னிடம் இருந்தது முன்னும் பின்னும் உள்ள வாக்கியம் மட்டும்தான். உங்கள் ஆட்களும் அதே இடத்தில்தான் இருக்கிறார்கள், தாளுக்குப் பதில் ஹெட்போன்.

அதனால் முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். இது காதின் சிக்கலா, கையின் சிக்கலா?

'ஹீல்' இரண்டும் இங்கிலாந்தில் பிறந்தவர் சொன்னாலும் ஒரே ஒலிதான். ஆடியோவை மெதுவாக்கி மெதுவாக்கி எத்தனை முறை கேட்டாலும் வித்தியாசம் வராது, ஏனென்றால் அங்கே வித்தியாசம் இல்லை. புதியவர்கள் அதிக நேரத்தை வீணாக்குவது இங்கேதான். "இது ஹெட்போன் தீர்க்கிற விஷயம் இல்லை, வாக்கியத்தைப் படி" என்று சொல்லிவிடுங்கள். உண்மையிலேயே வேறு வேறாக ஒலித்தும் நம் காது ஒன்றாகக் கேட்கிற சொற்கள் தனி. அவற்றுக்கு வேறு வைத்தியம்.

இப்போது கை. நாம் தமிழில் மயங்கொலிகளை எப்படிக் கற்றோம் என்று நினைத்துப் பாருங்கள். ண, ன, ந, ல, ள, ழ, ர, ற என்று எட்டு எழுத்து. இவற்றில் ர, ற இரண்டையும் இன்று பேச்சில் பிரித்துச் சொல்பவர்கள் குறைவு. ஆனாலும் 'பேருந்திலிருந்து இறங்கினான்' என்று எழுதும்போது கை தானாக வல்லின றகரத்துக்குப் போகிறது. இறங்கு என்றால் இறக்கம், இரங்கு என்றால் இரக்கம். சொல்லை அதன் சொந்தக்காரர்களோடு சேர்த்து வைத்திருக்கிறோம், அதன் எதிரியோடு இல்லை. ஆங்கிலத்துக்கும் இதையே செய்யுங்கள்.

ஆறுகிற 'ஹீல்' சொல்லுக்குச் சொந்தம் 'ஹெல்த்'. அதே ஈ-ஏ. குதிகாலுக்குச் சொந்தம் 'ஃபீட்', 'நீ', அதாவது பாதமும் முழங்காலும். மூன்றிலும் இரட்டை ஈ. இரத்தக்குழாயான 'வெயின்' என்றால் பக்கத்தில் 'வீனஸ்' நிற்கும், இரண்டும் வி-ஈ. வீண் என்ற 'வெயின்' என்றால் 'வேனிட்டி', வி-ஏ. வாய்வழி 'ஓரல்' ஓ-வில் தொடங்கும், பேச்சாளரைக் குறிக்கும் 'ஒரேட்டர்' போல. காதுக்குரியது ஏ-யூ, 'ஆடியோ' போல. பார்வையான 'சைட்' சொல்லில் 'லைட்', 'பிரைட்' சொற்களின் ஜி-எச் இருக்கும். இடமான 'சைட்' என்றால் 'சிச்சுவேஷன்'. மேற்கோள் காட்டும் 'சைட்' என்றால் 'சைட்டேஷன்', 'ரிசைட்'. எண்ணான 'டூ' நடுவில் டபிள்யூ ஏன் என்று கேட்பவரிடம் 'ட்வைஸ்', 'ட்வின்', 'ட்வென்ட்டி' சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே அந்த டபிள்யூ இன்னும் பேசுகிறது.

உங்கள் இலியத்துக்கும் இதே கதை. குடல் என்றால் 'இலியோஸ்டமி', நடுவில் ஈ. எலும்பு என்றால் 'இலியாக் கிரெஸ்ட்', நடுவில் ஐ. அதே வாக்கியத்தில் குரோன் நோய், அடைப்பு, குடலை வெட்டி இணைத்தது என்று ஏதாவது வந்தால் அது எலும்பாக இருக்க முடியாது.

'பேஷன்ஸ்' கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் நோயாளியும் பொறுமைசாலியும் ஆங்கிலத்தில் ஒரே சொல். அங்கே சொந்தம் உதவாது, இலக்கணம் உதவும். 'சைலன்ட்' மாறி 'சைலன்ஸ்', 'ஆப்சென்ட்' மாறி 'ஆப்சென்ஸ்', அதே வரிசையில் 'பேஷண்ட்' மாறிப் பொறுமை. என்-சி-ஈ என்று முடிந்தால் அது ஒரு குணம் அல்லது நிலை. அதைப் படுக்கையில் கிடத்தி ஊசி போட முடியாது.

எனக்குப் பிடித்தது 'பிரின்சிபல்'. கல்லூரி முதல்வர் ஒன்று, கடனில் வட்டி போக மிஞ்சும் முதல் ஒன்று, முதன்மையான என்ற பொருள் ஒன்று. தமிழில் மூன்றுக்கும் 'முதல்' வருகிறது பாருங்கள். முதல் வந்தால் ஏ-எல். கொள்கை வந்தால் எல்-ஈ. இதை ஆங்கிலத்தில் யோசித்தால் வளவளவென்று விதி சொல்ல வேண்டியிருக்கும், தமிழில் ஒரே சொல்லில் முடிந்துவிட்டது.

கடைசியாக உங்கள் பட்டியல். ஜோடியாகக் கொடுத்ததால்தான் கெட்டது என்பது என் கணிப்பு. 'காம்ப்ளிமெண்ட்' இரண்டையும் ஒரே நாளில் ஒரே வரியில் காட்டினால் மூளையில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஒன்றைத் தேடினால் மற்றதும் சேர்ந்து வரும். இந்த வாரம் ஈ போட்டதை மட்டும் 'கம்ப்ளீட்' சொல்லோடு சேர்த்துப் பழகட்டும், நிறைவு செய்வது என்று. அது கைக்கு வந்த பிறகு ஐ போட்ட பாராட்டை வேறொரு நாளில் காட்டுங்கள். ஏற்கெனவே சரியாக எழுதுகிறவர்களிடம் அந்த ஜோடியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மருதாணி:
அம்மா, இறங்கு/இரங்கு உதாரணத்தை இன்று காலைக் கூட்டத்தில் அப்படியே சொன்னேன், உடனே புரிந்துகொண்டார்கள். நன்றி.

நீங்கள் 'காதின் சிக்கல்' என்று தள்ளி வைத்ததையும் சொல்லிவிடுங்கள். பதினைந்து மில்லிகிராமா ஐம்பதா என்பது எங்களுக்குத் தினசரிச் சண்டை. 'நடக்க முடியும்', 'நடக்க முடியாது' இரண்டும் சில அமெரிக்க மருத்துவர்கள் வாயில் ஒன்று போலவே இருக்கிறது. அப்புறம் 'ஐஸ் பேக்'. பனிக்கட்டி ஒத்தடப் பொதியா, பனிக்கட்டிப் பையா? இரண்டுமே உண்டு!

ஊர்சுற்றி:
ஒரு சின்ன இடைச்செருகல். இணையப் பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாததற்கு இன்னொரு காரணம், எது ஒரே ஒலி என்பது பேசுபவரைப் பொறுத்தது. தெற்கு இங்கிலாந்துக்காரர் பலர் 'ஆர்' எழுத்தை உயிரொலிக்கு முன்னால் மட்டுமே உச்சரிப்பார்கள், அதனால் 'சாஸ்' என்ற குழம்பும் 'சோர்ஸ்' என்ற மூலமும் அவர்களுக்கு ஒன்று. அமெரிக்கருக்கு இரண்டும் வேறு. அமெரிக்கர் பேச்சில் நடுவில் வரும் டகரம் மெலிந்துவிடும், எழுதுகிற 'ரைட்டர்' வண்டியோட்டுகிற 'ரைடர்' ஆகிவிடுவார், உலோகமான 'மெட்டல்' பதக்கமான 'மெடல்' ஆகிவிடும். கட்டில் என்ற 'காட்', பிடித்தான் என்ற 'காட்' இரண்டும் கனடாவில் பெரும்பாலோருக்கும் அமெரிக்காவில் பலருக்கும் ஒன்றாகிவிட்டன. முதலில் மருத்துவர் எந்த ஊர்க்காரர் என்று கேளுங்கள், பிறகு பட்டியலைத் திறங்கள்.

இவ்வளவு ஒலி ஒற்றுமைக்கு ஆங்கிலத்தின் வயதும் காரணம். வில்லியம் காக்ஸ்டன் 1476-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்த பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல உறையத் தொடங்கியது, உயிரொலிகளோ தொடர்ந்து நகர்ந்துகொண்டிருந்தன. இறைச்சியான 'மீட்', சந்திக்கிற 'மீட்' இரண்டும் அந்தக் காலத்தில் வேறு வேறு ஒலி. வீரனைக் குறிக்கும் 'நைட்' சொல்லின் முதல் 'கே' அப்போது வாயில் கேட்டது. சிலவற்றில் நேர்மாறாகவும் நடந்தது. மாவு, பூ என்ற இரண்டு 'ஃப்ளவர்' சொற்களும் பிறப்பில் ஒரே சொல்தான், மாவு என்பது தானியத்தின் 'மலர்', அதாவது ஆகச் சிறந்த பகுதி. பிற்காலத்தில்தான் எழுத்தில் பிரித்தார்கள்.

அலைவரிசை:
எண்களைப் பற்றி நான் சொல்கிறேன், ரேடியோப் பொழுதுபோக்குக்காரன். விமானப் போக்குவரத்தில் இந்தச் சண்டை உயிரோடு விளையாடியிருக்கிறது. 1989 பிப்ரவரியில் கோலாலம்பூர் அருகே தரையிறங்க வந்த ஒரு சரக்கு விமானத்துக்கு 2,400 அடிக்கு இறங்கும்படி கட்டுப்பாட்டறை சொன்னது. எண்ணைத் தனித்தனியாக 'டூ, ஃபோர், ஸீரோ, ஸீரோ' என்றார்கள். அந்த முதல் 'டூ' எண் இரண்டு. விமானியோ அதை 'வரை' என்ற பொருளிலுள்ள 'டூ' என்று எடுத்துக்கொண்டு 400 அடி என்றே திருப்பிச் சொன்னார். அதை யாரும் திருத்தவில்லை. விமானம் குன்றில் மோதி, அதிலிருந்த நால்வரும் இறந்தார்கள். வேறு தவறுகளும் சேர்ந்துதான் அந்த விபத்து, ஆனால் தொடக்கம் இதுதான்.

அதனால்தான் அங்கே ஒன்பதை 'நைனர்' என்றும் ஐந்தை 'ஃபைஃப்' என்றும் வேண்டுமென்றே மாற்றிச் சொல்வார்கள். 'ஆல்ஃபா, பிராவோ, சார்லி' எழுத்துப் பெயர்கள் 1956-ல் நடைமுறைக்கு வந்ததும் இதற்காகத்தான். தமிழில் எழுதினால் எந்த 'பி', எந்த 'டி' என்றே தெரியாத நமக்கு அது இரட்டிப்பாக உதவும். பிராவோ வேறு, பாப்பா வேறு. டெல்டா வேறு, டாங்கோ வேறு. உங்கள் ஆட்கள் தங்களுக்குள் தொலைபேசியில் சொல் கேட்டுக்கொள்ளும்போது இதைப் பழக்கிவிடுங்கள்.

கோடும் புள்ளியும்:
அலைவரிசை சொன்னதைப் போல மருத்துவர்களில் கவனமானவர்களும் செய்வார்கள். கையை உடலிலிருந்து விலக்கினால் 'ஏ-பி-டக்ஷன்', உடலை நோக்கிச் சேர்த்தால் 'ஏ-டி-டக்ஷன்' என்று எழுத்தை உடைத்துச் சொல்வார்கள். ஐம்பதை 'ஃபைவ் ஸீரோ' என்று சொல்லச் சொல்லி மருந்துப் பாதுகாப்பு வழிகாட்டிகளும் சொல்கின்றன. உங்கள் மருத்துவர்களிடம் கேட்கிற வாய்ப்பு இருந்தால் முதலில் இதைக் கேளுங்கள், பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

இனி காது. 'பேக்' நல்ல உதாரணம். பொதி, முதுகு, பை மூன்றையும் தமிழில் எழுதினால் 'பேக்'தான். பிட்மன் முறையில் இதற்கு அழகான ஏற்பாடு உண்டு: ஒரே கோடு, மெலிதாக இழுத்தால் வல்லொலி, அழுத்தித் தடிப்பாக்கினால் அதன் மென்மையான ஜோடி ஒலி. பொதியின் முதல் ஒலி மெல்லிய கோடு, முதுகின் முதல் ஒலி தடித்த கோடு. தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் வரும் பகரம் இந்த இரண்டில் எதுவும் முழுதாக இல்லை, அதனால்தான் காது தடுமாறுகிறது.

எதைக் கேட்க வேண்டும் என்றால், பொதியின் தொடக்கத்தில் ஒரு ஊதல் இருக்கும். வாய்க்கு முன்னால் மெல்லிய தாளைப் பிடித்து ஆங்கிலேயர் சொன்னால் தாள் ஆடும். முதுகுக்கு ஆடாது. ஹெட்போனில் அது ஒரு சின்னக் காற்றுச் சத்தமாக வரும். சொல்லின் கடைசியில் மெய்யை நம்பாதீர்கள், அதற்கு முன்னால் உள்ள உயிரொலியைக் கேளுங்கள். பொதியில் குறுகலாக வெட்டுப்படும், பையில் கொஞ்சம் நீளும். விலையான 'பிரைஸ்' குறுகல், பரிசான 'பிரைஸ்' நீளம். குறில் நெடில் நமக்குத் தொட்டில் பழக்கம், அதனால் இந்த வித்தியாசம் தமிழ்க் காதுக்குச் சீக்கிரம் பிடிபடும். கடைசி மெய்யைத் துரத்துவதை நிறுத்தினால் போதும்.

பதினைந்து, ஐம்பது. பாடப்புத்தகம் சொல்வது அழுத்தம்: ஐம்பதில் முன்பாதி, பதினைந்தில் பின்பாதி. ஆனால் பின்னால் பெயர்ச்சொல் வந்தால், 'பதினைந்து மில்லிகிராம்' போல, பதினைந்தின் அழுத்தமும் முன்னால் ஓடி வந்துவிடும். உங்கள் கோப்புகளில் எண்ணுக்குப் பின்னால் எப்போதும் ஏதோ ஓர் அளவு வரும், அதனால் அழுத்தத்தை நம்பாதீர்கள். 'டீன்' என்பதன் கடைசி னகரத்தைத் தேடுங்கள். பதின்மூன்று, பதினான்கு என்றால் இன்னொரு தடயமும் உண்டு. முப்பதிலும் நாற்பதிலும் அமெரிக்கரின் டகரம் ஊர்சுற்றி சொன்னபடி மெலிந்துவிடும், 'டீன்' வந்தால் கெட்டியாக நிற்கும்.

'முடியும்' என்ற 'கேன்', 'முடியாது' என்ற 'கேன்ட்'. கடைசி டகரத்தைத் தேடினால் கிடைக்காது, அமெரிக்கப் பேச்சில் அது பெரும்பாலும் விழுங்கப்படும். 'கேன்' முழுமையாக, அழுத்தமாக ஒலித்தால் முடியாது. 'கன்' என்று நசுங்கி, அடுத்து வரும் வினைச்சொல் தலை தூக்கினால் முடியும்.

காதுப் பயிற்சிக்கு ஒரே குரலைத் திரும்பத் திரும்பக் கேட்க வைக்காதீர்கள். 1991-ல் இண்டியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கில ரகர லகரத்தைப் பிரிக்கத் திணறும் ஜப்பானியர்களுக்குப் பலருடைய குரல்களில் பல சொற்களைக் கேட்கக் கொடுத்து, ஒவ்வொரு விடைக்கும் சரியா தவறா என்று உடனே சொல்லிப் பழக்கினார்கள். பிரித்தறிவது மேம்பட்டது. உங்களிடம் எத்தனையோ மருத்துவர்களின் குரல் இருக்கிறது, சரிபார்த்த விடையும் இருக்கிறது. பெயர்களை நீக்கிவிட்டு, நிர்வாகம் அனுமதித்தால், அதிலிருந்தே சிறு துண்டுகள் எடுக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் தெரியவில்லை என்றால் பிளாங்க் விட்டு, நேரத்தைக் குறித்து அனுப்பட்டும். மருந்து அளவை ஊகிக்கிறவரைவிட பிளாங்க் விடுகிறவர்தான் வேலை தெரிந்தவர். மதிப்பெண் குறைப்பீர்கள் என்று பயந்து ஊகிக்கிறார்களா என்பதையும் பாருங்கள், அது க்யூஏ கையில் இருக்கிறது.

டக்டக்:
மேடம், சரண்டர். ஆனால் சூத்திரத்துக்கு ஓர் இடமாவது கொடுங்கள். எழுதுபொருளான 'ஸ்டேஷனரி'?

கோடும் புள்ளியும்:
அதற்கும் சொந்தக்காரர் இருக்கிறார், தம்பி. 'ஸ்டேஷனர்', ஈ-ஆர் என்று முடியும், 'பேக்கர்', 'பிரிண்டர்' போல. ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்துப் புத்தகம் விற்றவருக்கு வந்த பெயர். அவர் விற்பது ஈ. நகராமல் நிற்கிற வண்டிக்கு ஏ. வேண்டுமானால் 'பேப்பர்' ஈ-ஆரில் முடிகிறது என்று கார்டில் எழுதி ஒட்டிக்கொள், உன் சுவர்.

மருதாணி:
பிளாங்க் விஷயம் சுருக்கென்றது, நாளைக்கே மதிப்பெண் முறையைப் பற்றிப் பேசப்போகிறேன். ஒரே ஒரு கேள்வி மட்டும் மிச்சம். 'மியூகஸ்'. யூ-எஸ் என்று எழுதினால் ஒருவர் திருத்துகிறார், ஓ-யூ-எஸ் என்று எழுதினால் இன்னொருவர் திருத்துகிறார். எது சரி?

கோடும் புள்ளியும்:
இரண்டும் சரி. சளி என்ற பொருள் யூ-எஸ். சளிச் சவ்வு என்று இன்னொரு சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக நின்றால் ஓ-யூ-எஸ், 'நெர்வஸ்', 'ஃபேமஸ்', 'ஃபைப்ரஸ்' வரிசை. பின்னால் 'மெம்பிரேன்' வந்தால் ஓ போடுங்கள், மூக்கிலிருந்து வழிந்தால் வேண்டாம். காலில் தடித்த தோலான 'கேலஸ்' யூ-எஸ், ஈவிரக்கமில்லாத 'கேலஸ்' ஓ-யூ-எஸ், அதுவும் இதே கணக்குதான்.